அஞ்சு பீடிதானே கண்ணு!
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பு அப்பாவின் லாரி ஓட்டத்தில் வந்தது. சங்ககிரியிலிருந்து சரக்கேற்றி வடக்கே போகும் அவருக்கு, இரவுத் தூக்கத்தை விரட்ட நாளுக்கு நாற்பது பீடியாவது வேண்டும். சென்ற ஐப்பசியில் மாரடைப்பு வந்தது. பிழைத்து வீடு திரும்பியவர், பீடியை ஐந்தாகக் குறைத்தார். "அஞ்சு பீடிதானே கண்ணு, அது என்ன பண்ணிப்போடும்?" என்றார். எனக்கும் கணக்குச் சரியாகத்தான் பட்டது. நாற்பது ஐந்தானால் ஆபத்தும் எட்டில் ஒன்றாகத்தானே ஆகவேண்டும்?

நண்பர்களே, அந்தக் கணக்கு தப்பு. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 141 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரையை வெளியிட்டது. நாளுக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்கு எவ்வளவு கூடுதல் இதயநோய் ஆபத்து உண்டோ, அதில் ஏறத்தாழப் பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் உண்டாம்! கொஞ்சம் புகை பட்டாலே இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. இரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது. ஏற்கனவே அடைப்புள்ள குழாய்க்கு அதுவே போதும்.

பீடி மூலிகை போன்றது, சிகரெட்தான் கெடுதல் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். அப்போது உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு, பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்குமேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. (நம் வேதியியல் வகுப்பு இப்படி வீட்டுக்குள் வரும் என்று நான் நினைக்கவில்லை.) 52 நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் 2006ஆம் ஆண்டு முடிவுப்படி, பீடி மட்டும் பிடிப்போருக்கு மாரடைப்பு ஆபத்து, புகைக்காதவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் மிச்சமுள்ளதை இன்னும் ஆழமாக இழுப்பதும் வழக்கம். அப்பாவும் அப்படித்தான், விரல் சுடும்வரை இழுப்பார்.

ஆனால் அடியோடு நிறுத்திய இதய நோயாளிகளிடம் இறப்பு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைவு என்று 2003இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே குறைப்பது படிக்கட்டு மட்டுமே, அதில் குடியிருக்கலாகாது. நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளவேண்டும். ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும்; அந்த நேரத்தைக் கடத்தத்தான் துணை தேவை. அப்பா கிராம்பை வாயில் போட்டுக்கொள்கிறார். தாங்காதவர்கள் மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் மெல்லலாம். 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி 2016இல் தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசுகிறார்கள். முதல் தடவை நான்தான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன். நான் திட்டிய நாள்களில் அப்பா இரண்டு பீடி கூடுதலாகப் பிடித்தார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஒன்றில் நிற்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், மாட்டுக்கொட்டகையின் மறுபுறம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று நானும் அங்கே போய், கிராம்புப் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீடியைப் பற்றவைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.