நிறை குறையாமலே தசை குறையும்



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சீ.ஓ.பி.டி. என்னும் நாட்பட்ட நுரையீரல் வருத்தம். எங்கள் வீடுகளில் 'முட்டு', 'இழுப்பு' என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவோம். சிகரெட், சுருட்டுப் பிடித்தவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைப்போம். ஊரில் பல வருடம் விறகடுப்புப் புகைக்குள் நின்று சமைத்த அம்மாமாருக்கும் இது வரலாம்.

இந்த வருத்தம் நுரையீரலோடு நிற்பதில்லை. உடம்பின் தசையையும் கரைக்கிறது. மூச்சு விடுவதற்கே கூடுதல் சக்தி செலவாகிறது. வருத்தத்தோடு வரும் அழற்சி தசையைத் தாக்குகிறது. அடிக்கடி எடுக்கும் ஸ்ரெறொயிட் குளிசையும் தசையைப் பலவீனமாக்கும். களைக்கும் என்ற பயத்தில் நடமாட்டமும் குறைந்துவிடுகிறது. இதனால் முக்கியமாகத் தொடைத் தசை மெலிகிறது.

நிறை பார்க்கும் மெசின் இதைக் காட்டாமல் விடலாம். தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும். கோப்பன்ஹேகன் நகரில் 1,898 நோயாளரை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, உயரத்துக்கேற்ற நிறை உள்ளவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தசை முதலிய கொழுப்பற்ற நிறை மிகக் குறைவு என்று காட்டியது. அப்படிக் குறைந்தவர்களிடையே மரணமும் கூடுதலாக இருந்தது. தெற்காசியர்களாகிய எங்களுக்கு ஒரே நிறையிலும் வெள்ளையரைவிடக் கொழுப்புக் கூடவும் தசை குறையவும் இருப்பதால், நாங்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

ஆகவே வீட்டில் இதைப் பாருங்கள். அப்பாவால் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடிகிறதா? வயிறு அப்படியே இருக்கக் கால் மெலிகிறதா? "வயது போனால் மெலியும்தானே" என்று விட்டுவிடாதீர்கள். "நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று நாங்கள் அன்போடு சொல்வதும் தசை குறைவதற்கு வழி செய்கிறது. நியூ ஜேர்சிக் குளிரிலும் ரெக்சாஸ் வெயிலிலும் வெளியே போகமுடியாத நாட்களில், வீட்டுக்குள்ளேயோ மோலுக்குள்ளேயோ அவர்களோடு சேர்ந்து நடவுங்கள். களைத்தால் நின்று மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் நடக்கலாம்.

இதற்கென்றே 'பல்மொனரி றிஹபிலிற்றேசன்' என்ற பயிற்சி இருக்கிறது. கால், கைத் தசைகளைப் பலப்படுத்தி, மூச்சைச் சமாளிக்கவும் பழக்குவார்கள். நடுத்தர அளவிலிருந்து மிகக் கடுமையானது வரையான சீ.ஓ.பி.டி.க்கு, வைத்தியர் எழுதிக் கொடுத்தால், 2010 முதல் மெடிக்கெயார் பகுதி 'பி' இதற்கு உதவுகிறது. வைத்தியர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

சாப்பாட்டில் வெறும் கஞ்சியும் பிஸ்கற்றும் போதாது. ஒவ்வொரு நேரமும் முட்டை, மீன், பயறு, கௌப்பி, தயிர் என்று ஏதாவது புரதம் இருக்கட்டும். வயிறு முட்டினால் மூச்சும் முட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்கவேண்டும். உடம்பு பெருத்தவர்களும் தாங்களாகப் பட்டினி கிடக்கக்கூடாது. கொழுப்போடு தசையும் போய்விடும்.

காரணமின்றி நிறை குறைந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். நிறை குறையாவிட்டாலும், அடுத்த தடவை போகும்போது "அம்மாவின் தசைப் பலம் எப்படி இருக்கிறது?" என்று கேட்க மறக்காதீர்கள்.