டைனமோ சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மாருதி 800, அம்பாசிடர் இரண்டும் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனவை. ஆனாலும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தப் பழைய கார்களில் அடிக்கடி வரும் தொல்லை, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது. உடனே பேட்டரி மீது பழியைப் போட்டுப் புதிதாக வாங்கிவிடுகிறோம். பல நேரங்களில் கோளாறு அங்கே இருப்பதில்லை. சில நாட்களில் புது பேட்டரியும் படுத்துவிடும்.

வண்டியை ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியின் முக்கிய வேலை. ஓடத் தொடங்கியதும் விளக்கு, வைப்பர், இக்னிஷன் அனைத்துக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். நம் ஊரில் இதைத்தான் இன்றும் டைனமோ என்கிறோம். அது நின்றுவிட்டால் முழுச் சுமையும் பேட்டரி மேல் விழும். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்தே சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மற்றவையும் சேர்ந்தால் 15-ஐ நெருங்கும். நல்ல நிலையில் உள்ள 35 ஆம்பியர்-அவர் பேட்டரிகூட இரவில் இரண்டு மணி நேரம் தாங்குவது கடினம். திருச்சி விமான நிலையத்துக்கு நள்ளிரவில் கிளம்பும் குடும்பம் நான்கு வழிச்சாலையில் விளக்கு மங்கி நின்றால், பின்னால் வரும் லாரிக்கு அந்தக் கார் தெரியாது. ஆபத்து அங்கேதான்.

மல்டிமீட்டர் சோதனை

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12-க்கு அருகில் இருந்தால் சார்ஜ் மிகக் குறைவு.

இப்போது இன்ஜினை ஓடவிட்டு, சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்து அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி. முகப்பு விளக்கைப் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும்.

எங்கே பார்ப்பது?

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

1. பெல்ட்: தளர்ந்தால் வழுக்கிக் கீச்சிடும். வெடிப்பு இருந்தால் மாற்றவும்.

2. டெர்மினல்: பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவவும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

3. எர்த் வயர்: இன்ஜின் ஓடும்போது, விளக்கு எரியும் நிலையில், டைனமோ உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளக்கவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

4. சார்ஜ் விளக்கு: சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் அதையும் கவனியுங்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்பின் வழியாகத்தான் டைனமோவுக்குத் தொடக்க மின்சாரம் போகிறது. பல்பு போனாலே சார்ஜ் ஏறாமல் இருக்கலாம்.

இவை எல்லாம் சரி என்றால்தான் டைனமோவைக் கழற்ற வேண்டும். அப்போதும் முழுதாக மாற்றத் தேவையில்லை. கார்பன் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர், டயோடு தட்டு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். எது போயிற்று என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அரியலூர் சிமெண்ட், சுண்ணாம்புக்கல் லாரிச் சாலைகளில் தினமும் ஓடும் வண்டி என்றால், புழுதியில் பிரஷ்ஷும் பேரிங்கும் சீக்கிரம் தேயலாம்.

செய்யக் கூடாதது

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய டி.சி. டைனமோ காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

வளைகுடாவில் வேலை செய்பவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் நிறுத்தும் கார் என்றால், நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜரில் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால், ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம்கூட முழுதாகத் திரும்பி ஏறாமல் போகலாம்.