காபுரேற்றரைக் கழுவுதல்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியைக் கொழும்பு வாழ் அன்பர்கள் எளிதில் மறவார். அவ்வாண்டு ஜூலையிலே கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்திற்கு 20 லீற்றரே பங்காகக் கிடைத்தது. அதற்கு முன், வரிசையில் நிற்க வலியின்றி வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே ஓடாது கிடந்த பழைய கார்களுள் எமது மொறிஸ் மைனரும் ஒன்று. பெற்றோல் கிடைத்ததும் அதனைக் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓட்டிச் சென்றோம். காலிமுகத் திடலை அணுகுமுன்பே அது இருமத் தொடங்கிவிட்டது. நோய் காபுரேற்றரில் இருந்தது.

பெற்றோல் திரவமாக நின்று எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையளவில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இக்கலவையை ஆக்கித் தருவதே காபுரேற்றரின் தொழில். மொறிஸ் மைனரில் உள்ளது எஸ்.யூ. என்னும் வகை. மணி போன்றதொரு மூடியினுள் பிஸ்டன் ஒன்று ஏறி இறங்கும். எஞ்சின் காற்றை இழுக்குந்தோறும் பிஸ்டன் மேலெழும். அதன் அடியிற் பூட்டிய கூர்ந்த ஊசியும் உடனெழுந்து, கீழுள்ள துவாரத்தின் வாயை அகலத் திறக்கும். எவ்வளவு காற்றோ அதற்கேற்ற பெற்றோல்! கார் நெடுநாள் நின்றால் மிதவைக் கிண்ணத்துப் பெற்றோல் ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாய் ஒட்டிக்கொள்ளும். மருந்து கழுவுதலே.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. பெற்றோல் ஆவி காற்றிலும் கனமானது. நிலத்தோடு தவழ்ந்து அடுத்த அறைக்கும் செல்லும். எமது வீடுகளோ நெருக்கமானவை. சுவாமியறையில் விளக்கு எரியும் மாலை வேளையில் இவ்வேலை ஆகவே ஆகாது. காலையில், திறந்த வெளியில், எஞ்சின் நன்கு ஆறிய பின், பற்றரித் தொடுப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குக.

பழைய வீரகேசரித் தாள் ஒன்றை விரித்து, கழற்றியவற்றைக் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்குக. மணிமூடியைக் கழற்றுமுன் அதிலும் உடலிலும் நேருக்கு நேர் பென்சிலால் ஒரு கோடிடுக. மீளவும் அவ்வாறே பொருந்த வேண்டும். பிஸ்டனையும் ஊசியையும் நேராகத் தூக்குக. ஊசி வளைந்தால் வேலை கெட்டது. மிதவைக் கிண்ணத்தின் அடியிற் படிந்த மண்ணையும் துருவையும் துடைத்து, துவாரங்களைச் சைக்கிள் பம்பினால் ஊதுக. கம்பியை நுழைப்பவர் உளர். பித்தளை மென்மையானது, துவாரம் பெருத்துவிடும்.

பிஸ்டனைத் துணியும் பெற்றோலும் கொண்டே துடைக்க வேண்டும். நாம் ஒருமுறை பளபளப்பை விரும்பி உப்புத்தாளால் தேய்த்தோம். பிஸ்டனும் மூடியும் மயிரிழை இடைவெளியோடு ஒன்றுக்கொன்று இணையாக ஆக்கப்பட்டவை. தேய்ந்த வழியே காற்றுக் கசிய, பிஸ்டன் எழும்ப மறுத்தது. கார் ஏற்றத்திலே நின்றது. பின்னர் பஞ்சிகாவத்தையிற் கடை கடையாக அலைந்தே பழைய சோடி ஒன்றைத் தேடிப் பெற்றோம்.

பூட்டிய பின் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுக. ‘டக்’ என்ற ஒலியுடன் விழுந்தால் நன்று. மெல்ல வழுகினால் எங்கோ உரசுகின்றது என்பது பொருள். நடுத்தண்டின் குழியில் மட்டும் மெல்லிய எஞ்சின் எண்ணெய் சிறிது விடுக, பக்கங்களில் வேண்டாம்.

எஞ்சின் சூடான பின், பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவே உயர்த்திப் பார்க்கலாம். வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெற்றோல் மிகுதி; எஞ்சின் தளர்ந்து அணைய முயன்றால் பெற்றோல் குறைவு. அடியிலுள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிச் சரிசெய்க. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி.

இத்தனைக்குப் பின்னும் வேகம் நிலையாது ஆடுமாயின், காற்றுக் கதவின் அச்சு தேய்ந்திருக்கக் கூடும். அது கழுவித் தீராது; கராஜுக்கே கொண்டு செல்க. கழுவிய அழுக்குப் பெற்றோலைக் கானில் ஊற்றற்க. எமது கான்கள் கால்வாய் வழியே கடலுக்குச் செல்வன. மூடியுள்ள தகரத்தில் அடைத்து, கராஜுக்குப் போகும் நாளில் அங்கேயே ஒப்படைத்துவிடலாம்.