ஒரு நொடியில் முடியும் வினை

புற ஊதா ஒளி பட்டதும் இறுகிவிடும் அச்சு மைகளில் ஒளித்தூண்டி என்றொரு பொருள் சேர்க்கிறார்கள். அதற்கான மூலப்பொருளைத் தயாரிக்க, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் குளோரின் ஏந்திய பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றோடு ஆல்கஹாலைச் சேர்த்தது. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடை உடனே பிடித்தாக வேண்டும். முன்பு அதற்கு டிரைஎத்தில் அமீனைப் போட்டார்கள். அமிலம் அடங்கியது; ஆனால் உண்டான உப்பு படிந்து, கலன் முழுதும் கெட்டிக் கூழாகிவிட்டது. கலக்க முடியாது, சூடு வெளியேறாது, வடிகட்டுவதோ பெரும்பாடு.

பிறகு அமீனின் இடத்தில் மெத்தில் இமிடசோல் வந்தது. அதுவும் அமிலத்தைப் பிடித்து உப்பாகிறது. ஆனால் அந்த உப்பு 75 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும்! சோடியமும் குளோரைடும் சிறு உருண்டைகள், நெருக்கி அடுக்கிக்கொள்கின்றன. மெத்தில் இமிடசோல் அமிலத்தைப் பிடித்ததும் உருவாகும் இமிடசோலியம் அயனியோ பெரியது, கோணலானது, அதன் மின்சுமையும் வளையமெங்கும் பரவிக் கிடக்கிறது. இறுக அடுக்க வழியில்லை. இப்படி 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்புகளே அயனித் திரவங்கள்.

வினை முடிந்ததும் மேலே விளைபொருள், கீழே உருகிய உப்பு என இரண்டு அடுக்குகள். கீழடுக்கை வடித்துச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் மெத்தில் இமிடசோல் திரும்பக் கிடைத்துவிடும்.

என்னை மலைக்கவைப்பது அடுத்த செய்தி. அமிலம் பிடிக்க வந்த மெத்தில் இமிடசோல், வினையூக்கியாகவும் வேலை செய்தது. பாஸ்பரஸில் தானே முதலில் ஒட்டிக் குளோரினைத் தள்ளிவிடும். ஆல்கஹால் வந்ததும் இடத்தை விட்டு விலகிவிடும். வினை ஒரு நொடிக்குள் முடிந்தது. பெரிய கலனின் வேலையைக் கட்டைவிரல் அளவுள்ள உலை செய்தது. ஒரு கன மீட்டர் கொள்ளளவில் மணிக்கு 8 கிலோவாக இருந்த உற்பத்தி 6,90,000 கிலோவானது. இதில் உலோக வினையூக்கி எதுவுமே இல்லை.

அயனித் திரவமே நேரடியாக வினையூக்கி ஆவதும் உண்டு. அதன் அயனியின் வாலில், அதாவது பக்கச் சங்கிலியில், சல்ஃபோனிக் அமிலத் தொகுதியை இணைத்தால் கந்தக அமிலத்தின் வேலையைச் செய்யும். எஸ்டர் தயாரிக்கும்போது எஸ்டர் பெரும்பாலும் தனி அடுக்காகப் பிரிய, வினையூக்கி கீழே தங்கிவிடும்; நீரை ஆவியாக்கிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். உலோகம் இல்லாததன் அருமை மருந்துத் தயாரிப்பில் தெரியும்: வாய்வழி மருந்தில், வினையூக்கி உலோகமான பலேடியத்தின் எச்சம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. உலோகமே சேர்க்காவிட்டால் அதை நீக்கும் செலவும் இல்லை.

அதற்காக, எளிதில் ஆவியாவதில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து இவற்றுக்குப் ‘பசுமை’ முத்திரை குத்துவதை நான் ஏற்கமாட்டேன். பக்கச் சங்கிலி நீள நீள, இமிடசோலியம் உப்புகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகின்றன. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் வகையோ நீர் பட்டுச் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளியிடும்.