புல்லுருவியின் பழியும் புகழும்

பிறர் உழைப்பில் உண்டு கொழுப்பவனை ஏச வேண்டுமானால், மேடையேறிப் பேசுவோர் நாவில் முதலில் எழும் சொல் 'புல்லுருவி' என்பதே. அரசியல் ஊழியர்கள் இச்சொல்லை வழங்குவதுபோல் வேறெவரும் வழங்குவதில்லை. ஆயினும் அந்தச் செடியை அண்ணாந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஒன்றை ஏசுமுன் அதை அறிந்துகொள்வது நியாயம். அதைக் கஷாயமாக்கிக் குடிக்குமுன் அறிந்துகொள்வதோ அவசியம். இவ்விரண்டையும் முன்னிட்டே இதனைக் குறித்து இன்று எழுதத் துணிந்தோம்.

சிவகாசியை அடுத்த நாரணாபுரம், மழையை நம்பி ஏமாந்த கரிசல் வட்டாரத்து ஊர். வானம் வறண்டிருந்ததும் விவசாயம் நலிந்ததுமே தீப்பெட்டியும் பட்டாசும் அப்பகுதியில் வேரூன்றியதற்குப் பெருங் காரணங்களாயின. அத்தகைய பூமியில் வேப்பமரம் என்பது வெறும் மரமன்று. வெயிலில் வாடிய உழைப்பாளிக்கு அதுவே நிழல்; ஏழைக்கு அதுவே மருந்துப் பெட்டி. அந்த வேம்பையும், மேற்கே ராஜபாளையத்து மலையடிவாரத்திலுள்ள மாமரங்களையும் பற்றி வாழ வல்லது புல்லுருவி. தாவர நூலார் இதற்கு 'டென்ட்ரோப்தே ஃபல்கேட்டா' என்று பெயரிட்டிருக்கின்றனர். 300-க்கு மேற்பட்ட மரஞ்செடி வகைகளில் இது ஒட்டி வாழ்வதாக அவர்கள் கணக்கிட்டுள்ளனர்.

இச்செடிக்கு மண்ணில் வேர் இல்லை. விதை மரக்கிளையிலேயே முளைத்து, பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க் குழாய்களோடு தன் உறிஞ்சு வேரை இணைத்துக்கொள்கிறது. ஆனால் ஓர் உண்மையை மேடைப் பேச்சாளர் மறந்துவிடுகின்றனர். புல்லுருவியின் இலை பச்சை இலை. சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவின் பெரும் பகுதியைத் தானே சமைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. அது மரத்தினிடம் பறிப்பது முக்கியமாகத் தண்ணீரையும் தாது உப்புக்களையுமே. ஆகவே இது முழு ஒட்டுண்ணியன்று, பாதி ஒட்டுண்ணியே.

பாதி என்பதால் தீங்கும் பாதியென்று கருதலாகாது. கோடையில் தண்ணீர் சுருங்கும்போது மரம் தன் இலைத் துளைகளை மூடிச் சிக்கனம் செய்கிறது. புல்லுருவியோ தன் துளைகளைத் திறந்து வைத்துக்கொண்டு நீரைச் செலவிடுகிறது. வீட்டார் பட்டினி கிடக்க, விருந்தாளி மட்டும் வயிறார உண்பதைப் போன்றது இது. ஈரமுள்ள நாட்டில் மரம் இதைத் தாங்கலாம். கரிசற்காட்டில் கிளை கருகும். பற்று மிகுந்தால் மரமே மடியும்.

இதைப் பரப்புவது யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் நம் நாட்டவரான சலீம் அலி முக்கியமானவர். கொங்கணத்தில் தாம் கண்டவற்றை அவர் 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். நீண்ட குழல் போன்ற பூக்களில் தேன்சிட்டுக்கள் தேன் அருந்தி மகரந்தம் சேர்க்கின்றன. கனியை விழுங்குவது கட்டைவிரல் அளவேயுள்ள பூங்கொத்தி. பசை நிறைந்த விதை அதன் உடலைவிட்டு எளிதில் விழாது. ஆகவே அது கிளையில் உரசித் துடைக்கிறது. துடைத்த இடத்தில் விதை ஒட்டிக்கொண்டு முளைக்கிறது. பின்னர் நீலகிரியில் ஆராய்ந்த பிரியா டேவிதார், சில புல்லுருவிகளின் பூ மொட்டுக்கள் கனியைப் போலவே தோன்றிப் பூங்கொத்தியை அழைக்கின்றன என்று 1983-ல் எடுத்துக்காட்டினார்.

அப்படியானால் புல்லுருவியைப் பூண்டோடு ஒழித்துவிடலாமா? ஆஸ்திரேலியாவில் சில காடுகளிலிருந்து இவ்வினத்தை அறவே நீக்கிப் பார்த்தனர். மூன்றாண்டுகளில் அங்கிருந்த பறவை வகைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டதாக 2012-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இன்னொன்றும் சொல்லுவோம். நாம் நெற்றியில் இடும் சந்தனமும் பிற செடிகளின் வேரை உறிஞ்சி வளரும் பாதி ஒட்டுண்ணிதான். புல்லுருவிக்கு அது நெருங்கிய உறவுங்கூட. உறவினருள் ஒருவரைப் பூசி மற்றவரை ஏசுகிறோம்!

இனி மருந்துக்கு வருவோம். வந்தாகம் என்ற பெயரால் ஆயுர்வேதமும், புல்லுருவி என்ற பெயரால் நம் நாட்டு வைத்தியமும் இதைக் கையாண்டு வந்துள்ளன. புண்ணை ஆற்றுதல், சிறுநீரைப் பெருக்குதல் முதலிய குணங்கள் எலிகளிடம் பரீட்சிக்கப்பட்டு நம்பிக்கை தரும் பலன்களும் கிடைத்திருக்கின்றன. ஆனால் எலிக்கு நேர்ந்த நன்மை மனிதனுக்கும் நேரும் என்பது நிரூபணமாகாது.

புல்லுருவி புற்றுநோயைப் போக்கும் என்ற பேச்சு ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1917-ல் ரூடால்ஃப் ஸ்டெய்னரின் யோசனையைப் பின்பற்றி ஈடா வெக்மன் என்ற மருத்துவ அம்மையார் அந்நாட்டுப் புல்லுருவியின் சாற்றை ஊசி மருந்தாக வழங்கத் தொடங்கினார். ஜெர்மனியில் அது இன்றும் வழக்கில் உள்ளது. காக்ரேன் ஆராய்ச்சியாளர் 2008-ல் 21 பரீட்சைகளைத் திரட்டி ஆராய்ந்து, நோயாளியின் ஆயுளை அது நீட்டிக்கும் என்பதற்குச் சான்று வலுவற்றது என்றே முடிவு கூறினர். மேலும் அது 'விஸ்கம் ஆல்பம்' என்ற வேறு செடி; நம் வேம்பின் மேலுள்ளதற்கும் அதற்கும் குடும்பமே வேறு. அதிலுள்ள நச்சுப் புரதம் ஆமணக்கு விதையின் நஞ்சுக்கு இனமானது. ஆங்கே செய்த பரீட்சையை ஈங்குள்ள செடிக்குச் சான்றாகக் காட்டுவது அறியாமை, அல்லது வஞ்சகம்.

ஒவ்வொரு மரத்துப் புல்லுருவிக்கும் ஒவ்வொரு குணம் உண்டென்பது பழைய நம்பிக்கை. அதில் மாந்திரீகத்தை நீக்கினால் உண்மை ஒன்று எஞ்சுகிறது. மரத்தின் நஞ்சு அதில் ஒட்டிய செடிக்கும் ஏறும். எட்டி மரத்துப் புல்லுருவியில் எட்டியின் கொடிய விஷத்தையும், அரளிப் புல்லுருவியில் இருதயத்தைத் தாக்கும் அரளி நஞ்சையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். எம்மரத்தில் பறித்தது என்று அறியாத இலையைக் குடிப்பது உயிரோடு சூதாடுவதாகும்.

ஆதலால் நாம் வேண்டுவது இரண்டு. தோப்பிலும் சாலையிலும் புல்லுருவி மிகுந்த கிளையை, அது கனியுமுன், ஒட்டிய இடத்துக்கு ஓர் அடிக்கு மேல் உட்புறம் தள்ளி வெட்டுக. இலையை மட்டும் பறித்தால் மீண்டும் தழைக்கும். காட்டிலுள்ளதைப் பறவைகளுக்கு விட்டுவிடுக. அடுத்தது, சுதேச மருந்தென்பதால் இகழவும் வேண்டாம். சுதேச மருந்தென்பதாலேயே நம்பவும் வேண்டாம். நம் கலாசாலைகள் அதை முறைப்படி மனிதரிடம் பரீட்சித்து, தேறினால் ஏற்கட்டும். அதுவரை, புற்றுநோய் கொண்ட ஏழை எவரும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இவ்விலையை நாடி உயிரிழக்காதபடி காப்பது ஊரிலுள்ள படித்தவர்களின் கடமையாகும். நோயாளியின் அச்சத்தை உறிஞ்சிப் பணம் பறிப்பவர்களுக்கே, மேடையில் நாம் வழங்கும் அப்பெயர் முற்றிலும் பொருந்தும்.