தரங்கம்பாடி

கொங்கு நாட்டாராகிய நமக்குக் கடல் சேய்மைக்கண் உள்ளது. எனினும், பவானிக் கூடலில் நம் ஆற்றுநீரை ஏற்றுக் கிழக்கே செல்லும் காவிரி, பூம்புகாரில் கடலோடு கலக்கின்றது. அதற்குத் தெற்கே, அக்கரையிலேயே அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. கல்வெட்டுக்களில் இதன் பெயர் சடங்கன்பாடி என்பதாம்.

இவ்வூரின் தொன்மைக்குச் சான்று, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அலைகள் அதன் முற்பகுதியைப் பல காலமாக அரித்துக் கவர்ந்துவிட்டன. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க்கு நாட்டார் இங்கே வாணிகம் நடத்த வந்தனர். அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்று காட்சிச்சாலையாக விளங்குகின்றது.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கும் புளூச்சோவும் இங்கு வந்திறங்கினர். சீகன்பால்கு சிறுவரோடு அமர்ந்து, மணலில் எழுதித் தமிழ் பயின்றார். ஆளுநரோடு மாறுபட்டமையால் அக்கோட்டையிலேயே நான்கு திங்கள் சிறையிருந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால், சிற்றெழுத்துக்களை இவ்வூரிலேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றுப்பெற்றது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டு மறைந்த அவர் அதனுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

தமிழ் மாணவர் மறவாமைக்குரிய செய்தி பிறிதொன்றுண்டு. சீகன்பால்கு ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றிற்கோர் அட்டவணை வகுத்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி மக்களிடம் கேட்டறிந்து, 1713இல் ஒரு நூலும் முடித்தார். சமயம் பரப்பச் சென்றவர்க்கு இஃது ஏற்ற பணியன்றென ஹாலே நகரத்துப் பெரியோர் கருதியமையால், அந்நூல் 1867 வரை அச்சேறவில்லை. பிறர் நம்பிக்கையை மறுக்கப் புகுமுன், அதனை அவர்தம் வாய்மொழியாலேயே அறிய முயன்றமை போற்றத்தக்கதன்றோ!

1845இல் டென்மார்க்கு நாட்டார் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றனர். பின்னர் வாணிகம் நாகப்பட்டினத்தை நாடிற்று. பெருநகராய் வளராமையாலேயே, பழைய நுழைவாயிலும் அரச வீதியும் பெரிதும் உருக்குலையாமல் எஞ்சின எனலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்புக்களைச் சூறையாடி, உயிர் பலவற்றைக் கொண்டது.

விடுமுறையிற் கடல் காண விழையும் நண்பர்காள்! மயிலாடுதுறை சென்று அங்கிருந்து பேருந்தில் இவ்வூரை அடையலாம். பாண்டியன் கோயில், டேனியர் கோட்டை, சீகன்பால்கின் ஆலயம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் நடந்தே காணலாம். கரையை அரிக்கும் கடல் காத்திருப்பதில்லை. ஆதலின் காலந்தாழ்த்தாது சென்று காண்போமாக.