திட்டக் குறிப்பேடு: தேர்வும் ஆட்சியும்

ஆண்டின் இறுதி வாரங்களில் புத்தகக் கடைகளின் முன்வரிசையில் அடுத்த ஆண்டின் குறிப்பேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வாங்க வருவோர் மேலட்டையைத் தடவிப் பார்ப்பர், விலையைப் பார்ப்பர், உள்ளே இரண்டு பக்கங்களைப் புரட்டுவதோடு தேர்வு முடிந்துவிடும். சில வாரங்கள் சென்றபின் அந்த ஏடு மேசை இழுப்பறையின் அடியில் கிடக்கும். வாங்கியவரின் சோம்பலே இதற்குக் காரணம் என்று பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் அது சோம்பலன்று. வேறொருவருடைய வாரத்தை அவர் விலைகொடுத்து வாங்கிவிட்டார் என்பதே காரணம்.

தமிழில் ‘நாட்குறிப்பு’ என்னும் ஒரே சொல் இருவேறு பணிகளுக்கு வழங்கி வருகிறது. நடந்ததை எழுதிவைப்பது ஒன்று. நடக்கவேண்டியதை எழுதிவைப்பது மற்றொன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த பெருநூல் முதல் வகையைச் சார்ந்தது. அவருக்கு வெற்றுத் தாள் போதும். நாள் முடிந்தபின் எழுதினார். இரண்டாம் வகைக்கு நாள் வருமுன்பே அதற்குரிய இடம் தாளில் இருத்தல் வேண்டும். இலண்டனில் எழுதுபொருள் வணிகம் செய்த ஜான் லெட்ஸ் என்பவர் 1812இல், வரப்போகும் ஆண்டின் தேதிகளை முன்கூட்டியே அச்சிட்ட ஏடுகளை விற்கத் தொடங்கினார். அன்று தொட்டு, வாரம் எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளுக்கு எத்தனை வரி என்பவற்றை அச்சகத்தார் முடிவு செய்கின்றனர். இரண்டாம் வகை ஏட்டைத் திட்டக் குறிப்பேடு என்பது பொருந்தும்.

அச்சகத்தாரின் முடிவு மலேசிய ஆசிரியருக்கு எவ்வளவு இடர் தரும் என்பதற்குக் கெடா மாநிலமே சான்று. மேனாட்டு ஏடுகள் பலவற்றில் திங்கள் முதல் வெள்ளி வரை அகன்ற கட்டங்கள் இருக்கும். சனியும் ஞாயிறும் ஒரே கட்டத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களிலோ வெள்ளியும் சனியும் ஓய்வு நாட்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாள். சுங்கைப் பட்டாணியில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர் இத்தகைய ஏட்டை வாங்கினால், வாரத்தின் முதல் வேலைநாளை விரற்கடை இடத்தில் திணிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையின் அகன்ற கட்டமோ வெறுமையாகக் கிடக்கும். ஜொகூரிலும் 2014 முதல் 2024 முடிய இந்நிலையே இருந்தது. 2025 ஜனவரி முதல் தேதி தொட்டுத்தான் சனி, ஞாயிறு ஓய்வு மீண்டது.

பள்ளியாண்டும் அப்படியே. மலேசியாவில் 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மார்ச்சிலும், 2025இல் பிப்ரவரியிலும் பள்ளிகள் தொடங்கின. 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்தன. அந்த இடைக்காலத்தில் ஜனவரி ஏடு வாங்கிய ஆசிரியர் ஒரு பள்ளியாண்டுக்கு இரண்டு ஏடுகளைச் சுமக்க நேர்ந்தது. தேதி அச்சிடாத ஏடே அத்தகைய காலத்துக்கு உகந்தது. தேதிகளைக் கையால் எழுதும் தொல்லை ஒரு மாலைப்பொழுதோடு தீர்ந்துவிடும். சிங்கப்பூரில் பத்துப் பத்து வாரங்களாக நான்கு பருவங்கள். தேதியைவிடப் பருவ வார எண்ணே ஆசிரியர் அறையில் மிகுதியாக வழங்குவது. உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஒற்றை வாரத்துக்கு ஒரு கால அட்டவணை, இரட்டை வாரத்துக்கு மற்றொன்று. ஏடு வாங்கியதும் ஒவ்வொரு வாரத்தின் தலைப்பிலும் இவ்வெண்ணை எழுதிக்கொள்ளாதவர் ஜூலை மாதத்தில் விரல்விட்டு எண்ண வேண்டிவரும்.

இனிப் பக்க அமைப்பு. நாளுக்கொரு பக்கம், வாரத்துக்கு இரு பக்கம், மாதத்துக்கு இரு பக்கம் என மூன்று அமைப்புகள் பெருவழக்கு. சந்திப்புகள் மிகுந்த தலைமையாசிரியருக்கு மணி வாரியாகக் கோடிட்ட வாரப் பக்கம் ஏற்றது. விழாக்களையும் தேர்வுகளையும் மட்டும் குறிப்பவருக்கு மாதப் பக்கமே போதும். வகுப்பாசிரியருக்கு எது தகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு விடை கூறும். இரு வகுப்புகள், வகுப்புக்கு 35 மாணவர், ஆக 70 கட்டுரைகள். ஒன்றைத் திருத்த எட்டு நிமிடம் என்றால் 560 நிமிடங்கள். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். வெறும் கட்டம் மட்டுமுள்ள ஏட்டில் இது ‘கட்டுரை திருத்தல்’ என்ற இரண்டே சொற்களாக வியாழக்கிழமையில் உட்கார்ந்திருக்கும். ‘மாமாவுக்குத் தொலைபேசி’ என்பதும் பக்கத்தில் அதே அளவு இடம் பிடித்திருக்கும். மணிக்கோடு உள்ள ஏட்டிலோ, அந்த ஒன்பது மணியை வைக்க இடம் தேடும்போதே வாரத்தின் உண்மை வெளிப்பட்டுவிடும். மாலை நான்கு நாட்களில் இரண்டரை மணி வீதம் ஒதுக்கினால் அன்றி அது முடியாது. ஒதுக்காவிடில் அது எங்கே போகும்? இரவுத் தூக்கத்திலும், பிள்ளைகளோடு இருக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமையிலும் போய் அமரும். திட்ட ஏட்டின் முதற்பயன், நேரத்தைப் பெருக்குவதன்று; இல்லாத நேரத்தை இல்லை என்று காட்டுவதே.

மனிதர் தம் வேலைக்கு வேண்டிய நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவர். ரோஜர் பூலரும் அவருடன் ஆராய்ந்த இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரி 34 நாட்களில் முடிப்போம் என்றனர். ஆனதோ 55 நாட்களுக்கு மேல். ஆதலால் சென்ற மாதம் திருத்தத்துக்கு உண்மையில் ஆன நேரத்தைக் கட்டத்தின் ஓரத்தில் குறித்துவைப்பது நன்று. அடுத்த திட்டத்துக்கு அதைவிட நம்பத்தக்க அளவுகோல் வேறில்லை.

தாளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் வரைந்து, தவறிய பண்புக்குப் புள்ளியிட்டு வந்தார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாயிற்று. பின்னர் தந்தத் தகடுகளாலான குறிப்பேட்டில் சிவப்பு மையால் நிலையான கோடுகளை வரைந்து, புள்ளிகளை மட்டும் பென்சிலால் இட்டு, ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டார் என்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நிலையானதற்கு மை, மாறக்கூடியதற்குப் பென்சில் என்னும் அந்த முறையை இன்றும் மிஞ்ச ஆளில்லை. தேர்வு நாளை மையால் எழுதலாம். ஆசிரியர் கூட்டத்தைப் பென்சிலால் எழுதுவதே அறிவுடைமை. பதின்மூன்றில் ‘ஒழுங்கு’ என்னும் பண்பே தமக்கு மிகுந்த தொல்லை தந்தது என்று அவரே ஒப்புக்கொள்வதும் படிப்பவருக்கு ஆறுதல்.

ஊற்றுப் பேனா பழகியவர் கனமான தாளே நல்லது என்று நினைக்கத் தேவையில்லை. சதுர மீட்டருக்கு 52 கிராமே உள்ள ஜப்பானிய மென்தாள் மையைத் தாங்கும். 80 கிராம் மலிவுத் தாள் சிலவற்றில் மை பரவிவிடும். மேசையில் விரித்தால் தானே மூடிக்கொள்ளாத நூல் தையல் உள்ளதா என்றும் பார்க்கவேண்டும். ஒரு கையால் ஏட்டை அழுத்திக்கொண்டே எழுதுபவர் விரைவில் எழுதுவதை விட்டுவிடுவார்.

தனக்கென அமைத்துக்கொள்ளுதல் என்றவுடன் வண்ண ஒட்டுத்தாள்களும் பொன்னிற நாடாக்களும் நினைவுக்கு வருகின்றன. அவற்றால் கேடில்லை; ஆயினும் அலங்காரம் முடிவதற்குள் வாரம் முடிந்துவிடக் கூடாது. முதலில் செய்யவேண்டியது, அச்சிட்ட அந்நிய விடுமுறைகளை அடித்துவிட்டு உரியவற்றை எழுதுவது. தீபாவளி, பொங்கல், தைப்பூசம் ஆகியவை மேனாட்டு ஏடுகளில் இரா. தைப்பூசம் மலேசியாவில் சில மாநிலங்களில் மட்டும் விடுமுறை. சிங்கப்பூரில் 1968 முதல் பொது விடுமுறையன்று. விடுப்பு கேட்கவேண்டிய நாளையும் இரு வாரம் முன்னதாகவே குறித்தல் வேண்டும்.

எழுதியது நடவாவிட்டால் என் செய்வது? ரைடர் கேரல் என்னும் அமெரிக்கர் 2013இல் வெளியிட்ட முறையில், மாத இறுதியில் முடியாத வேலைகளை அடுத்த மாதத்துக்குக் கையாலேயே மறுபடி எழுத வேண்டும். எழுதவே அலுப்புத் தட்டும் வேலை செய்யத் தகுந்ததா என்ற கேள்வி தானே எழும். இயந்திர நாட்காட்டி இதைக் கேட்காது; ஓசையின்றித் தள்ளிப்போடும். ஆனால் மணியடித்து நினைவூட்டும் வல்லமை தாளுக்கில்லை. மருந்து வேளையைக் கைத்தொலைபேசியிடம் விட்டுவிடுவதே நலம்.

எழுதும் வேளை இரவாக இருப்பது நன்று. அமெரிக்காவில் மைக்கேல் ஸ்கல்லினும் உடன் ஆய்வாளரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 57 இளைஞருள் ஒரு பாதியினர் படுக்குமுன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதினர். மறுபாதியினர் முடித்த வேலைகளை எழுதினர். முன்னவர் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் விரைவாகத் துயின்றனர். விளக்கமாக எழுதியவர் மேலும் விரைவாகத் துயின்றனர்.

ஆண்டு முடிவில் பழைய ஏட்டைத் தூக்கி எறிபவர் உளர். எறியுமுன் புதியதை அருகில் வைத்துக்கொண்டு, பிறந்தநாட்கள், நினைவு நாட்கள், ஆண்டுதோறும் வரும் கட்டணத் தவணைகள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆன நேரம் ஆகியவற்றைப் பெயர்த்தெழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். டிசம்பர் விடுமுறையில் ஒரு கட்டத்தை அதற்கென இப்பொழுதே ஒதுக்கிவைக்கலாம், பென்சிலால்.